நரம்புச் செல் மீண்டும் முளைக்குமா? மூளை, விழித்திரை ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

2018 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கருவிலிருந்த சிசு முதல் முதியவர் வரை 59 பேரின் மூளைத் திசுவைச் சோதித்த கலிபோர்னியா ஆய்வாளர்கள் அதை எழுதியிருந்தார்கள். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்புச் செல்கள் பிறப்பது குழந்தைப் பருவத்திலேயே மளமளவெனக் குறைகிறது, வளர்ந்தவர்களிடம் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு அடங்கிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. அடுத்த மாதமே 'செல் ஸ்டெம் செல்' இதழில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, 14 முதல் 79 வயது வரையுள்ள 28 பேரின் மூளையை ஆராய்ந்துவிட்டு, முதுமையிலும் புதிய செல்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன என்று எழுதியது. இரு குழுவினரும் ஆராய்ந்தது ஒரே பகுதியை; தேடிய அடையாளப் புரதங்களும் பெரும்பாலும் ஒன்றே. முடிவுகள் மட்டும் நேர் எதிரானவை.

இரு தரப்பும் தேர்ந்த ஆய்வாளர்கள். இந்த முரணுக்கு அவசரத்தையோ அலட்சியத்தையோ காரணமாகச் சொல்ல முடியாது. வளர்ந்த உயிரின் மூளையிலும் விழித்திரையிலும் அழிந்த நரம்புச் செல் திரும்ப வருமா என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக 'வராது' என்றும் 'வரும்' என்றும் மாறி மாறி விடை சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு செல் புதியது என்பதை எந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்தார்கள் என்று பார்த்தால், இந்த ஊசலாட்டத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும். கீழே வரும் நிலைப்பாடுகளை அந்தக் கோணத்திலிருந்தே மதிப்பிட முயல்கிறேன்.

ஒரு பெயருக்குள் மூன்று காரியங்கள்

'நரம்பு மறுவளர்ச்சி' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு காரியங்கள் கலந்து பேசப்படுகின்றன. முதலாவது, செத்துப்போன செல்லுக்குப் பதிலாகப் புதிய செல் பிறப்பது. இரண்டாவது, செல் உயிரோடிருக்க, அதன் நீண்ட இழையான ஆக்ஸான் மட்டும் அறுந்திருந்தால் அது மறுபடி நீள்வது. மூன்றாவது, பிறந்த செல்லோ நீண்ட இழையோ சரியான இடத்துக்குப் போய், இணைப்பு உண்டாக்கி, வேலை செய்வது. நோயாளிக்குப் பயன்படுவது மூன்றாவதுதான். ஆய்வுகளில் மிகக் குறைவாக நிறுவப்பட்டிருப்பதும் அதுவே.

நோய்க்கு நோய் தேவையும் மாறுகிறது. கிளாக்கோமாவில், விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பும் கங்லியன் செல்கள் ஆக்ஸானோடு சேர்ந்து அழிகின்றன. விபத்தில் பார்வை நரம்பு நசுங்கினால் முதலில் சேதமாவது ஆக்ஸான். செல் அதன் பின்னரே சாகிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் ஒளியை வாங்கும் செல்கள் போகின்றன. பார்கின்சன் நோயில் டோபமின் சுரக்கும் செல்கள் போகின்றன. இவற்றில் ஒன்றுக்குக் கிடைத்த முன்னேற்றத்தை மற்றவற்றுக்கும் சேர்த்து எழுதும் செய்திகள் வாரந்தோறும் வருகின்றன. அவற்றைப் படித்து நம்பிக்கை கொள்ளும் நோயாளிகளை நினைத்தால் இந்தக் குழப்பம் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

விழித்திரையை மூளையோடு சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. கருவில் முன்மூளையிலிருந்து புடைத்து வளரும் பகுதியே விழித்திரையாகிறது. பார்வை நரம்பும் மைய நரம்பு மண்டலத்தைச் சேர்ந்ததுதான். ஆய்வாளருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது: கண்மணி வழியாக அந்தத் திசுவை நேரில் பார்க்கலாம், ஊசியால் மருந்து செலுத்தலாம், பார்வை திரும்பியதா என்று அளந்தும் பார்க்கலாம்.

கஹால் சொன்னதும் சொல்லாமல் விடப்பட்டதும்

இத்துறையின் முதல் பெரிய விடை ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹாலுடையது. நரம்பு மண்டலத்தின் சிதைவையும் மறுவளர்ச்சியையும் பற்றி 1913-14இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். கை, கால் நரம்புகள் அறுந்தால் இழைகள் மீண்டும் வளர்வதையும், மூளை, தண்டுவடத்தில் அவை சிறிது தூரம் முயன்றுவிட்டு நின்று வாடுவதையும் வெள்ளிச் சாயத்தில் கண்டு, அதை வரைந்தும் காட்டினார். வளர்ந்த மூளையில் பாதைகள் நிலைத்துவிட்டவை, அங்கே சாவு உண்டு, மறுபிறப்பு இல்லை என்பதே அவர் வந்த முடிவு. இந்தக் கடுமையான விதியை மாற்ற முடியுமானால் அது வருங்கால அறிவியலின் பொறுப்பு என்றும் அதே இடத்தில் எழுதினார். பின்வந்தவர்கள் முன்பாதியைத்தான் அதிகம் எடுத்தாண்டார்கள்.

அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ டெல்லோ 1911இலேயே முயலின் மூளைக்குள் கால் நரம்புத் துண்டைப் பதித்துப் பார்த்து, அதை நோக்கி இழைகள் வளர்வதாக எழுதியிருந்தார். வளர முடியாதது செல்லின் குறையாக இல்லாமல் சூழலின் தடையாகவும் இருக்கலாம் என்பதற்கு இது முதல் தடயம். ஆனால் அந்த இழைகள் மூளைச் செல்லிலிருந்து கிளம்பியவையா, வேறெங்கிருந்தோ நுழைந்தவையா என்று உறுதி செய்யும் வழி அன்று இல்லை. அதனால் அந்தத் தடயம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

புதிய செல் பிறக்கிறதா

'பிறக்கிறது' என்று முதலில் துணிந்து சொன்னவர் ஜோசப் ஆல்ட்மன். செல் பிரியும்போது தன் டிஎன்ஏவை நகலெடுக்கிறது. அப்போது கதிரியக்கம் ஏற்றிய தைமிடினைக் கொடுத்தால் புதிய செல்லில் அது பதிந்துவிடும். இந்த முறையில் 1962இலும், கோபால் தாஸுடன் சேர்ந்து 1965இலும் வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்புச் செல்களைக் காட்டினார். 1977இல் மைக்கேல் கேப்லன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதற்கு வலுவான சான்று சேர்த்தார். இருவரையும் துறை பொருட்படுத்தவில்லை. 1985இல் பாஸ்கோ ரகிச் குரங்குகளில் இதே தைமிடின் முறையைப் பின்பற்றி, புதிய நரம்புச் செல் எதையும் காணவில்லை என்றார். வாழ்நாள் முழுதும் கற்றதைக் காத்துவைக்கும் மூளைக்கு நிலையான செல்கள்தான் தேவை என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் இன்றும் கனம் இருக்கிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே மாற்ற முடியாது என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது.

அலையைத் திருப்பியவை மூன்று. 1980களில் பெர்னாண்டோ நோட்டபோம், வளர்ந்த கேனரிப் பறவையின் பாட்டுக்குரிய மூளைப் பகுதியில் புதிய செல்கள் சேர்வதைக் காட்டினார். 1992இல் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலி மூளையிலிருந்து நரம்பு ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். 1998இல் எரிக்ஸன், கேஜ் குழு மனித மூளைக்கே வந்தது. ஸ்வீடனில் நாக்கு, தொண்டைப் புற்றுநோயாளிகள் சிலருக்குக் கட்டியின் வளர்ச்சியை அளக்க பிஆர்டியூ என்ற அடையாளப் பொருள் செலுத்தப்பட்டிருந்தது. அவர்களில் ஐவர் இறந்த பின் ஹிப்போகேம்பஸை வெட்டிப் பார்த்தபோது, அடையாளம் பதிந்த நரம்புச் செல்கள் தெரிந்தன. சாகும் தறுவாயில் இருந்தவர்களின் மூளையில்கூடப் புதிய செல் பிறந்திருந்தது என்ற இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது.

ஆனால் பிஆர்டியூ பிறப்புச் சான்றிதழ் ஆகாது. பழைய செல் தன் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும்போதும் அது ஓரளவு நுழையக்கூடும். அடையாளம் பதிந்த துணைச்செல் (நரம்புச் செல்லைத் தாங்கி நிற்கும் கிளியா செல்) ஒன்று நரம்புச் செல்லின் மேல் ஒட்டிக்கிடந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். 1999இல் குரங்கின் பெருமூளைப் புறணியிலும் புதிய நரம்புச் செல்கள் சேர்கின்றன என்று எலிசபெத் கூல்டு குழு சொன்னதை, 2001இல் கோர்னாக்கும் ரகிச்சும் இத்தகைய காரணங்களைக் காட்டி மறுத்தார்கள்.

இங்கே எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் அளவுகோல் வந்தது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14இன் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்தது. செல் பிறந்த ஆண்டில் காற்றிலிருந்த அளவு அதன் டிஎன்ஏவில் மரத்தின் ஆண்டு வளையம் போலத் தங்கிவிடுகிறது. இதை வைத்து யோனாஸ் ஃப்ரிசேனின் ஸ்டாக்ஹோம் குழு மனிதச் செல்களின் வயதைக் கணித்தது. பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள் அந்த மனிதரின் வயதேயானவை என்பது 2006இல் தெரிந்தது. ஹிப்போகேம்பஸிலோ ஒவ்வொரு பக்கமும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய செல்கள் சேர்கின்றன என்று 2013இல் கணித்தார்கள். நோயாளிக்கு எதையும் செலுத்தாமல், உலகம் முழுதும் சுவாசித்த ஒன்றைக் கொண்டே அளந்த இந்த முறை, இதுவரை வந்தவற்றில் எனக்கு மிக நம்பகமானதாகப் படுகிறது. இதிலும் கணிதமாதிரியைச் சார்ந்த ஊகங்கள் உண்டு.

அப்படியானால் 2018இன் முரண் எப்படி வந்தது? இரு குழுவும் தேடியவற்றுள் முக்கியமானது டபுள்கார்ட்டின் என்ற இளஞ்செல் புரதம். 2019இல் மாட்ரிட் குழு ஒன்று, இறந்தவரின் திசுவை ஃபார்மலின் வகைக் கரைசலில் ஒரு நாளுக்கு மேல் ஊறவிட்டாலே அந்தப் புரதத்தின் அடையாளம் மங்கிவிடுகிறது என்று காட்டியது. கவனமாகப் பதப்படுத்திய திசுவில், 43 முதல் 87 வயது வரையிலான ஆரோக்கியமானவர்களிடம் ஆயிரக்கணக்கில் இளஞ்செல்கள் இருப்பதாகவும், அல்சைமர் நோயாளிகளிடம் அவை குறைந்திருப்பதாகவும் சொன்னது. எதிர்த்தரப்பின் பதிலும் புறக்கணிக்கத் தக்கதல்ல: டபுள்கார்ட்டின் இருப்பதாலேயே செல் அண்மையில் பிறந்தது ஆகாது, மிக மெதுவாக முதிரும் பழைய செல்லிலும் அது இருக்கலாம். 2025இல் ஃப்ரிசேன் குழு, செல் உட்கருக்களின் மரபணுச் செயல்பாட்டைத் தனித்தனியே படித்து, பெருகிக்கொண்டிருக்கும் முன்னோடிச் செல்களை வளர்ந்தவர்களிடமும் கண்டது. சிலரிடம் நிறைய, சிலரிடம் அநேகமாக எதுவுமில்லை.

இப்போதைய நிலையில், ஹிப்போகேம்பஸில் ஓரளவு பிறப்பு உண்டு, ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுகிறது என்ற நிலைப்பாட்டின் பக்கமே சான்றுகள் சாய்கின்றன. இதிலிருந்து மூளை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று தாவக் கூடாது. பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளில், புதிய செல்கள் சேதமான பகுதிக்கு நகர்வதை 2002இல் ஸ்வீடனின் லுண்ட் குழு கண்டது. அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோயின. அழிந்த செல்களில் ஈடுசெய்யப்பட்டது சுமார் 0.2 விழுக்காடு மட்டுமே.

அறுந்த இழை நீளுமா

டெல்லோவின் தடயத்தை 1980-81இல் மான்ட்ரியலின் ஆல்பர்ட் அகுவாயோ குழு மீண்டும் எடுத்தது. எலியின் கால் நரம்பை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாகப் பதித்தார்கள். செல் உடல் வரை பின்னோக்கிச் சென்று அதை நிறமேற்றும் ஒரு நொதியைப் பயன்படுத்தியதால், இழைகள் மைய நரம்புச் செல்களிலிருந்தே கிளம்பியவை என்பது ஐயமற நிறுவப்பட்டது. அவை சில சென்டிமீட்டர் வளர்ந்தன. பாலத்தின் மறுகரையில் மைய நரம்புத் திசுவைத் தொட்டதும் நின்றுவிட்டன.

நிறுத்துவது எது என்ற தேடலில் இரண்டு பதில்கள் முன்வந்தன. ஜூரிக்கின் மார்ட்டின் ஷ்வாப், ஆக்ஸானைச் சுற்றிய மையலின் உறையில் தடைப்பொருள் இருப்பதாகக் காட்டினார். 2000இல் அதன் மரபணு அடையாளம் காணப்பட்டு நோகோ எனப் பெயர் பெற்றது. மற்றவர்கள் காயத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச்செல்கள் உண்டாக்கும் தழும்பைக் குற்றம் சாட்டினார்கள். இரண்டும் பின்னர் சிக்கலாயின. நோகோ மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை 2003இல் மூன்று ஆய்வகங்கள் சோதித்தபோது, ஒன்று நல்ல வளர்ச்சியையும், ஒன்று மிதமான வளர்ச்சியையும் கண்டது, மூன்றாவது எதையும் காணவில்லை. ஆஸ்ட்ரோசைட் தழும்பைத் தடுத்தால் இழை வளர்வதற்குப் பதில் நிலைமை மோசமாகிறது என்று 2016இல் ஒரு குழு எழுதியது. கழுத்துத் தண்டுவடம் புதிதாகக் காயமுற்றவர்களுக்கு நோகோவுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கொடுத்த ஐரோப்பியச் சோதனை அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. முழுமையாகச் சேதமாகாதவர்களிடம் மட்டும் பயன் இருக்கலாம் என்ற குறிப்பு எஞ்சியது.

தடையைச் சூழலில் மட்டும் தேடியது போதாது என்று சொன்னது விழித்திரை. பிறப்பை ஒட்டி எலியின் கங்லியன் செல்கள் வேகமாக இழை வளர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன என்று 2002இல் கோல்ட்பர்க்கும் பென் பாரஸும் காட்டினார்கள். 2008இல் ஷிகாங் ஹெ குழு, பிடென் என்ற மரபணுவை நீக்கியதும் நசுங்கிய பார்வை நரம்பில் இழைகள் கணிசமாக நீள்வதைக் கண்டது. பின்னர் வேறு தூண்டல்களைச் சேர்த்தபோது சில இழைகள் மூளை வரை போய்ச் சேர்ந்தன, பார்வைசார் எதிர்வினைகள் சிலவும் ஓரளவு திரும்பின. இத்துறையின் மெய்யான சாதனை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். குறைகளும் அதே அளவுக்குப் பெரியவை. பிடென் புற்றுநோயை அடக்கும் மரபணு. அதை மனிதரில் நீக்குவது விளையாட்டல்ல. சோதனைகள் பலவற்றில் காயத்துக்கு முன்பே மரபணு நீக்கப்பட்டிருந்தது. நோயாளியோ காயத்துக்குப் பிறகுதான் வருகிறார். போய்ச் சேர்ந்த இழைகளும் மையலின் உறை இல்லாமல் சரியாகச் சைகை கடத்தவில்லை என்று 2016இல் தெரிந்தது. மனிதரின் பார்வை நரம்பு ஒன்றில் ஏறக்குறைய பத்து லட்சம் ஆக்ஸான்கள் உண்டு; ஒவ்வொன்றும் விழித்திரையில் தன் இடத்துக்கு ஏற்ப மூளையில் ஓர் இடத்தைச் சேர வேண்டும்.

மீனிடம் இருப்பது

வரிக்குதிரை மீனின் விழித்திரையைச் சேதப்படுத்தினால் சில வாரங்களில் அது புதிதாகிவிடும். அங்கே தாங்கு செல்லாக இருக்கும் முல்லர் செல் முதிராத நிலைக்குப் பின்னோக்கிப் போய், பிரிந்து, தேவையான நரம்புச் செல்களைத் தருகிறது. மனிதரிடமும் முல்லர் செல் இருக்கிறது. காயம் பட்டால் அது பெரும்பாலும் தழும்பைத்தான் தருகிறது.

மீனில் முக்கியமான ஏஎஸ்சிஎல்1 என்ற மரபணுவை வளர்ந்த சுண்டெலியின் முல்லர் செல்லில் இயக்கி, கூடவே டிஎன்ஏவின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஒரு மருந்தும் கொடுத்தபோது, சில செல்கள் நரம்புச் செல்களாகி இணைப்பும் கொண்டன என்று சியாட்டிலின் டாம் ரே குழு 2017இல் எழுதியது. 2020இல் சேத் பிளாக்ஷா உள்ளிட்டோர் மீன், கோழி, சுண்டெலி மூன்றையும் ஒப்பிட்டு, சுண்டெலியின் முல்லர் செல்லும் காயத்துக்குப் பின் அதே வழியில் அடியெடுத்து வைக்கிறது, பிறகு என்எஃப்ஐ எனப்படும் காரணிகள் அதைப் பழைய அமைதிக்கே இழுத்துவிடுகின்றன என்று காட்டினார்கள். ஆற்றல் முற்றிலும் தொலைந்துவிடவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்ற இந்தக் கருத்து நம்பிக்கை தருவது. எனினும் கிடைத்த செல்கள் பெரும்பாலும் இடைநிலை வகையைச் சேர்ந்தவை. பார்வையிழப்புக்கு முக்கியக் காரணமான ஒளிவாங்கும் செல்களோ முழுமையான கங்லியன் செல்களோ போதிய அளவில் வரவில்லை.

ஒளிர்ந்த செல் தந்த பாடம்

2020இல் பிடிபிபி1 என்ற ஒரே ஒரு மரபணுவை அடக்கினால் துணைச்செல் நேராக நரம்புச் செல்லாகிவிடும் என்று இரண்டு குழுக்கள் அறிவித்தன. ஒன்று பார்கின்சன் மாதிரியிலும், மற்றொன்று விழித்திரையிலும்கூடப் பயன் கண்டதாகச் சொன்னது. அவ்வளவு எளிதான வழி என்றதும் துறையே பரபரத்தது. வைரஸ் வழியாக அனுப்பிய ஒளிரும் புரதம் துணைச்செல்லில் மட்டுமே இயங்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த முடிவு நின்றது. துணைச்செல்களின் வம்சாவளியை முன்கூட்டியே நிரந்தரமாகக் குறித்துவைத்துப் பார்த்த ஆய்வுகள் 2021 முதல் வேறு கதையைச் சொல்லின. ஒளிர்ந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே அங்கிருந்த நரம்புச் செல்கள். வைரஸின் குறிப்பு அவற்றுக்குள் கசிந்திருந்தது.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 2006இல் சுண்டெலியின் விழித்திரைக்கு அடியில் பச்சையாய் ஒளிரும் இளம் ஒளிவாங்கிச் செல்களைச் செலுத்தியபோது, விழித்திரையில் பச்சைச் செல்கள் தெரிந்தன. அவை குடியேறி இணைந்துவிட்டதாகவே பத்தாண்டுகள் கருதப்பட்டது. 2016இல் பல குழுக்கள், கொடுத்த செல்லையும் பெற்ற விழித்திரையையும் வெவ்வேறு நிறங்களாலும் பால் குரோமோசோமாலும் பிரித்தறிந்தன. பச்சைச் செல்களில் பெரும்பாலானவை விழித்திரையின் சொந்தச் செல்கள். செலுத்தப்பட்ட செல்கள் வெளியே தங்கி, தம் புரதத்தை மட்டும் அவற்றுக்குக் கைமாற்றியிருந்தன. பார்வையில் கண்ட முன்னேற்றம் பொய்யென்று இதற்குப் பொருளில்லை. அதன் காரணம் வேறு. தங்கள் துறையின் முடிவையே திரும்பிச் சோதித்து, தயங்காமல் வெளியிட்டவர்கள் அறிவியலுக்குச் செய்த தொண்டு பெரிது.

வெளியிலிருந்து வரும் செல்

உள்ளே முளைக்க வைப்பதைவிட, வெளியே வளர்த்துப் பதிப்பது மருத்துவமனைக்கு முன்னதாகவே வந்துவிட்டது. பார்கின்சன் நோயாளிகளுக்குக் கருத்திசுவைப் பதிக்கும் முயற்சி 1980களிலேயே லுண்டில் தொடங்கியது. 2001இல் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட சோதனை பயனைச் சிலருக்கே காட்டியது. சிலருக்குக் கட்டுக்கடங்காத அசைவுகள் உண்டாயின. பத்தாண்டுக்கு மேலான பதியத்திலும் நோயின் அடையாளமான லூயி திரள்கள் தென்பட்டதை 2008இல் கண்டார்கள். 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் அமெரிக்கக் குழு 12 பேருக்கும், கியோட்டோ குழு 7 பேருக்கும் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த டோபமின் செல்களைப் பதித்ததைப் பதிவு செய்தன. கட்டி உருவாகவில்லை, செல்கள் உயிரோடிருக்கின்றன. பயன் உறுதியாக வேண்டுமானால் ஒப்பீட்டுக் குழுவுடன் பெரிய சோதனை தேவை. டோபமின் செல் தன் வேதிப்பொருளை அக்கம்பக்கத்தில் சுரந்தாலே ஓரளவு பயன் உண்டு. கங்லியன் செல்லுக்கோ மூளை வரை இழை போக வேண்டும். ஆகவே பார்கின்சனில் கிட்டும் வெற்றி கிளாக்கோமாவுக்கு முன்மாதிரியாகாது.

இன்னும் முடிவாகாதவை

மூன்று காரியங்களையும் தனித்தனியே எடைபோட்டால் நிலைமை ஓரளவு தெளிவாகிறது. மனித ஹிப்போகேம்பஸில் செல் பிறப்பு இருக்கலாம் என்பதற்குச் சான்று கூடியிருக்கிறது. அதன் அளவும், அது நினைவுக்குச் செய்யும் பணியும் முடிவாகவில்லை. அறுந்த ஆக்ஸானை நீட்ட முடியும் என்பது விலங்குகளில் நிறுவப்பட்டது. அதைப் பாதுகாப்பாக, காயத்துக்குப் பின், மனித நீளத்துக்குச் செய்ய முடியுமா என்பது திறந்த கேள்வி. முல்லர் செல்லின் அடக்குமுறையைத் தளர்த்தி வேண்டிய வகைச் செல்லை வேண்டிய எண்ணிக்கையில் பெற முடியுமா என்பதும் அப்படியே. சரியான இணைப்பு என்ற மூன்றாவது காரியத்தில் துறை இன்னும் தொடக்கத்தில்தான் நிற்கிறது. இனி வரும் எந்த அறிவிப்பையும், வம்சாவளிச் சான்று உண்டா, வேறொரு ஆய்வகம் அதே முடிவைக் கண்டதா, செயல்பாடு அளக்கப்பட்டதா என்று கேட்ட பின்பே ஏற்பது நல்லது.

இந்த எச்சரிக்கை ஆய்வகத்தோடு நிற்பதல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தனியார் மருத்துவ மையம் ஒன்றில், விழித்திரையின் மையப்பகுதியான மாகுலாவின் சிதைவுக்கென்று தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்லை' இரு கண்களிலும் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்ததை 2017இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்கள், ரத்தக் கோளாறுகள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றம் தவிர, மற்ற ஸ்டெம் செல் முறைகளை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுச் சோதனைக்கு வெளியே சிகிச்சையாக வழங்கக் கூடாது என்கின்றன. கருவிழியின் மேற்பரப்புக்கு ஹைதராபாத்தில் உருவான லிம்பல் ஸ்டெம் செல் முறை பலருக்குப் பலன் தந்திருக்கிறது; அது நரம்புத் திசுவைத் தொடுவதில்லை. அதைக் காட்டி விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் செல் சிகிச்சை விற்பவர்களிடம், அது பதிவுபெற்ற சோதனையா என்று முதலில் கேளுங்கள். சோதனை என்று சொல்லிக்கொண்டே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கிளாக்கோமாவில் போன கங்லியன் செல்லைத் திருப்பித் தரும் சிகிச்சை இன்று எங்கும் இல்லை. இருப்பதைக் காக்கும் சொட்டுமருந்தும் அறுவையும் உண்டு. நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.